சித்தப்பா நழுவவிட்ட விரால்

மீன் பிடிப்பதில் எங்கள் குடும்பத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நான் உறுதியாக நம்பிய ஒரு வயது உண்டு. பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. தூண்டிலை நான் ஒருநாளும் தொட்டதில்லை என்பது வேறு விஷயம். தூண்டில் சித்தப்பாவுடையது, கண் என்னுடையது. விரால் மூச்சு வாங்க மேலே வந்து ஒரு நீர்க்குமிழி விட்டுவிட்டுப் போகும் இடத்தைச் சித்தப்பாவுக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். கையை நீட்டிக் காட்டினால் போதும், மற்றதெல்லாம் கூலி வேலை என்பது என் எண்ணம்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பர்மாவில் நாங்கள் இருந்த தின்கன்ஜூனில் பெரிய சாலையை ஒட்டிய ஒரு டயர் கடையில் வேலை பார்த்தார். ஒட்டுப் போட்டுப் போட்டு இனி ஒட்ட இடமில்லை என்று லாரிக்காரர்கள் கைவிட்ட ட்யூப்கள்தான் அவருடைய கப்பல் தளம். அப்படி ஒரு பத்துச் சக்கர லாரி ட்யூபுக்குப் பதினாலாவது ஒட்டைப் போட்டு, நடுவில் உரச்சாக்கைக் கயிற்றால் இழுத்துக் கட்டி உட்காரும் இடம் செய்திருந்தார். காற்றடைக்கும் வால்வு முதுகைக் கிழிக்காமல் இருக்க அதன்மேல் பழைய லுங்கித் துணியைச் சுற்றியிருந்தார். காலில் மாட்டிக்கொள்ள டயர் ரப்பரில் வெட்டிய இரண்டு துடுப்புகள். தூண்டிலில் போடும் தவளையும் ட்யூப் துண்டில் வெட்டியதுதான். நிஜத் தவளையே அதைப் பார்த்துச் சொந்தக்காரன் என்று நினைக்கும் என்பார். எனக்கென்று ஒரு சின்ன வேன் ட்யூப் இருந்தது. அதை நைலான் கயிற்றால் தன் ட்யூபோடு கட்டிக்கொள்வார். எனக்கு நீச்சல் தெரியும், அந்தக் கயிறு எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காற்றுப் போன ட்யூப்களைப் படுக்கை மாதிரி சுருட்டிச் சாக்கில் கட்டி, கைப்பம்பை என் தோளில் மாட்டி, பஸ் மாறி மாறி மாவ்பி என்ற ஊருக்குப் போவோம். அங்கிருந்து மூன்று சக்கர வண்டி. அதற்கப்புறம் வயல் வரப்பு. ஆறு என்று பெயரே தவிர, ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகப்பட வைக்கும் தண்ணீர் அது. இரண்டு கரையிலும் ஆகாயத்தாமரை, நடுவில் பாதை போல வெறும் நீர். படகு போனால் அந்த இலைகளெல்லாம் சலசலத்து மீனை எழுப்பிவிடும். ட்யூபில் போனால் ஆள் வந்ததே தண்ணீருக்குத் தெரியாது. இடுப்புவரை நீரில், சாக்கில் உட்கார்ந்தபடி, பின்பக்கமாகக் காலால் தள்ளித் தள்ளிச் சித்தப்பா நகர்வதைப் பார்த்தால் வீட்டில் அவர் எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சோம்பல் படுகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு மானப் பிரச்சினை வந்து சேர்ந்தது. எங்கள் தெருமுனை டீக்கடையில் டாக்சி ஓட்டும் ஒரு பர்மாக்காரர் தினமும் உட்கார்ந்திருப்பார். தெருவில் எல்லாரும் அவரை அக்கோ, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவரும் தூண்டில் பைத்தியம். ஒருநாள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவர் கை நீளத்துக்கு ஒரு விரால், அதைப் பிடித்துக்கொண்டு அவர். கடையே எழுந்து பார்த்தது. சித்தப்பா மட்டும் டீயை விட்டு எழவில்லை. போட்டோவில் எதுவும் பெரிதாகத்தான் தெரியும், நான் கொண்டுவந்தால் இந்த மேஜைமேல் போடுவேன், முழம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஞாயிறு சாயங்காலம் ஆனால் அக்கோ மேஜையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஆறு ஞாயிறு அப்படிப் போனது. முதல் மழையும் பெய்துவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் ஆறு கலங்கிப் பெருகிவிடும், எனக்கும் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சித்தியும் வருகிறேன் என்றார்.

சித்தி மீன் பிடிக்க வந்ததே கிடையாது. அன்று அவருக்குப் பிறந்தநாள். பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் அவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். வயிற்று வலி என்று என்னிடம் சொன்னார்கள், நானும் பச்சை மாங்காய் தின்றிருப்பார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதிலிருந்து அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. காளியம்மனுக்கு நேர்ந்தது நேர்ந்தபடி இருக்க, பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மா, பிறந்தநாளுக்கு உயிருள்ள மீன் வாங்கி ஆற்றில் விடு, குதோ கிடைக்கும், மனசு லேசாகும் என்று சொல்லியிருந்தார். குதோ என்றால் புண்ணியம். வயசுக்கு மேல் ஒன்று கூட்டி அத்தனை மீனை விடவேண்டும் என்பது இந்த ஊர்க் கணக்கு. சித்தி சந்தையில் பொடி விரால்களாக வாங்கி, மூடி போட்ட வாளியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் வந்தார்.

"இங்கயே விடு. வளந்ததும் நான் புடிச்சிக்கிறேன்" என்றார் சித்தப்பா.

சித்தி சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். ஒரு பக்கம் பொண்டாட்டி மீனை விட, மறுபக்கம் புருஷன் பிடிக்க, சாமி எந்தப் பேரேட்டில் எதை எழுதுவது என்று குழம்பிப்போகும் என்று நான் சொன்னதற்கும் சிரித்தார். எனக்கு அன்று நான் சொல்வதெல்லாம் பலிக்கும் என்று தோன்றியது.

நான் பம்பை அழுத்தி அழுத்தி ட்யூப்களுக்குக் காற்றடித்தேன். மதிய வெயிலில் காற்று விரியும், முக்கால்வாசிதான் அடைக்க வேண்டும் என்று சித்திக்குப் பாடம் நடத்தினேன். அவர் கரையோரமாகக் குந்தி, இரண்டு கையாலும் ஒவ்வொரு மீனாக அள்ளித் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். வகுப்பில் கணக்கில் முதல் மாணவி என்பதால் நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை. சித்திக்கு இருபத்தேழு. இருபத்தெட்டு மீன் இருக்கவேண்டும். இருபத்தொன்பது இருந்தது.

"ஒண்ணு கூடிப்போச்சு சித்தி. மீன்காரன் தப்பா எண்ணிட்டான்."

"இல்லம்மா. நாந்தான் கேட்டு வாங்குனேன்" என்றார்.

அந்த ஒன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஆற்றில் வேலை இருந்தது.

கரையை விட்டு நாங்கள் ரொம்ப தூரம் போகவில்லை. ஆகாயத்தாமரை ஒதுங்கிய ஒரு மூலையில், வானம் வெளுப்பாக இருக்கும்போதே, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல நீர் பொடிப்பொடியாகத் துள்ளியது. உற்றுப் பார்த்தேன். சிவப்பு. அரிசி அரிசியாக நூற்றுக்கணக்கில் செங்குஞ்சுகள், ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஒன்றாகத் திரண்டு, மூச்சு வாங்க மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. நான் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினேன். சித்தப்பா முகம் மாறியது. இவ்வளவு பெரிய கூட்டம் என்றால் கீழே காவல் இருப்பது எவ்வளவு பெரிது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சித்தி கரையிலிருந்து, தண்ணீரில் அது என்ன சிவப்பாக என்று கேட்டார். நான்தான் விளக்கினேன். பரீட்சையில் பதில் சொல்கிற குரல் எனக்குத் தானாக வந்துவிடும்.

"வெரா குஞ்சு சித்தி. அம்மா மீனு அடியில இருக்கும். குஞ்சுக்கு நடுவுல தவளையப் போட்டா வந்து ஒரே கடியா கடிச்சிரும்."

"பசிக்கா?"

"பசி இல்ல. அதோட புள்ளைய திங்க வந்திருக்குன்னு நெனச்சிக்கும். அதனால எத்தன தடவ போட்டாலும் வரும். ஏமாறாம போவாது."

சித்தி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சொன்ன விளக்கம் நன்றாக இருந்ததால் கேட்க ஒன்றும் பாக்கியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வீச்சில் தவளை கூட்டத்துக்கு அப்பால் விழுந்தது. இரண்டாவது வீச்சில் சரியாக நடுவில். குஞ்சுகள் சிதறின. கீழிருந்து தண்ணீர் வீங்கியது, பிறகு வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். தூண்டில் கோல் வில்லாக வளைந்து, சித்தப்பாவை ட்யூபோடு சுற்றிவிட்டது. அவரோடு கட்டியிருந்த நானும் சுற்றினேன். விரால் எங்கள் இரண்டு பேரையும் ஆகாயத்தாமரைக்குள் இழுத்துக்கொண்டு போய், அங்கே வேண்டாம் என்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா காலால் பின்னுக்குத் தள்ளினார், அது முன்னுக்கு இழுத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. கடைசியில் அது களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து வந்தபோது, அதன் தலை என் முழங்காலை விடப் பெரிதாக இருந்தது. அக்கோவின் படத்திலிருந்த விரால் இதற்குத் தம்பிதான்.

சித்தப்பா செவுளுக்குள் விரல் கொடுத்து அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். அவர் முகத்தில் டீக்கடை மேஜை தெரிந்தது. நானும் மனசுக்குள் அந்த மேஜையைச் சுற்றி ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தேன். யார் யாரைக் கூப்பிடவேண்டும், மீனைக் கண்டுபிடித்தது யார் என்ற கேள்வி வரும்போது எப்படி நிற்கவேண்டும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

சித்தி மீனைப் பார்க்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிதறின குஞ்சுகள் மறுபடி சேர்ந்திருந்தன. ஆனால் ஓரிடத்தில் நிற்காமல், கொஞ்ச தூரம் இந்தப் பக்கம், கொஞ்ச தூரம் அந்தப் பக்கம் என்று அலைந்தன.

"தேடுதுங்க" என்றார் சித்தி. கையிலிருப்பதை விடு என்று அவர் சொல்லவில்லை. புருஷன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குந்தி, மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பக்குவமாகத் திருப்பி எடுத்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை, சாக்கில் போடத்தான் முள்ளை எடுக்கிறார் என்று சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் நடந்து, மீனை இரண்டு கையிலும் ஏந்தி, அது செவுளை அடித்துத் தெளியும்வரை பிடித்திருந்து, கையைக் கீழே இழுத்துக்கொண்டார். வால் ஒரு தரம் அசைந்தது. அவ்வளவுதான்.

நான் அழுதேன். என் மீன் என்று கத்தினேன். நான் பார்த்துச் சொல்லாவிட்டால் உனக்கு அது இருப்பதே தெரியாது, விடுவதற்கு நீ யார் என்று சித்தப்பாவைக் கேட்டேன். போட்டோவாவது எடுத்திருக்கலாம் என்றேன். அவர், "யாபாதே, விடு புள்ள" என்று மட்டும் சொல்லி, ட்யூப்களின் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட ஆரம்பித்தார். பரவாயில்லை என்று எல்லாவற்றுக்கும் சொல்கிற அந்தப் பர்மியச் சொல்லை அன்றுபோல் நான் என்றும் வெறுத்ததில்லை. சித்தி என்னைத் தொட வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியதையும் துரோகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

தெருமுனையில் அக்கோ மேஜையைத் துடைத்துவிட்டுத் தயாராக இருந்தார். சித்தப்பா சாக்கை இறக்கி வைத்தார். என்ன கிடைத்தது என்று அக்கோ கேட்டார். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கடை முழுக்கப் புரியட்டும் என்று பர்மிய மொழியிலேயே சொன்னேன். பெரிய விரால் மாட்டியது, அது இழுத்த இழுப்பில் சித்தப்பா பயந்துபோய்க் கத்தினார், கைக்கு வந்த மீனை நழுவவிட்டுவிட்டார் என்றேன். கத்தியதை நடித்தும் காட்டினேன். கடை குலுங்கிச் சிரித்தது. அக்கோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

சித்தி, "அப்படி இல்லைங்க, அது வந்து" என்று ஆரம்பித்தார். சித்தப்பா திரும்பி அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். பிறகு கடையைப் பார்த்து, "ஆமா, வழுக்கிருச்சு" என்று சொல்லிவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து தானும் சிரித்தார்.

அதற்கப்புறம் பல வருஷம் அந்தத் தெருவில் அவருக்கு வழுக்கினவர் என்றே பெயர் நிலைத்தது. எவ்வளவு பெரிய மீனைக் கொண்டுவந்து போட்டாலும் அது மாறவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் ஏன் விட்டார் என்று கடை கேட்கும். அதற்குப் பதில் சொல்வதென்றால், பிறக்காமல் போன பிள்ளையையும் சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளையும் டீக்கடை மேஜைமேல் எடுத்து வைக்கவேண்டும். அதை வைப்பதற்குப் பதில் தன் பெயரை வைத்துவிட்டார். எனக்கு இது எட்ட இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அன்று சாயங்காலம் நான் அறிந்ததெல்லாம், கடையே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, எதற்கும் மசியாத சித்தப்பாவை ஒரே பொய்யில் தோற்கடித்துவிட்டேன் என்பது மட்டும்தான். அவர் வாங்கிக்கொடுத்த டீயை ஊதி ஊதி மெதுவாகக் குடித்தேன்.