நீலமாகவே இருந்த பாட்டில்

காலையில் கடைக் கதவைத் திறந்தால் படியில் பாட்டில்கள் நிற்கும். விளக்கெண்ணெய்ப் பாட்டில், சோடாப் பாட்டில், பிள்ளைக்கு மருந்து வாங்கிய குப்பி. எல்லாவற்றிலும் ஊராருடைய மூத்திரம். சிலவற்றுக்கு மூடி இருக்கும், சிலவற்றை வாழைச் சருகால் அடைத்திருப்பார்கள். தூக்குவாளியில் கொண்டுவந்த மகராசனும் உண்டு. திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லாக் கழுவிக் குடுங்க, போற வழியில மோர் வாங்கணும்" என்றார். அன்றோடு நான் வெளியில் மோர் குடிப்பதை விட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். மணமேல்குடிக் கடைத்தெருவில் முன்னறை என் வீட்டுக்காரரின் மருந்துக்கடை, பின்னால் எங்கள் குடித்தனம். சர்க்கரை வியாதிக்காரர்கள் புதுக்கோட்டை டாக்டரைப் பார்த்துவர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதனால் அவர் எழுதிக் கொடுத்ததை வைத்து வாராவாரம் நோயைக் கவனிப்பது கம்பவுண்டரான இவர் தலையில் விழுந்தது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கிறது, ஊசி போட வேண்டும். கொதிக்கிற வாடை சுவரைத் தாண்டி அடுப்படிக்கு வரும். ரசம் தாளித்தாலும் என் மூக்கில் அதுதான் நிற்கும்.

கருவாட்டு மண்டிக்காரரின் பாட்டிலை அவர் மனைவி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து படியில் வைப்பார். எப்போது கொதிக்க வைத்தாலும் நீலம்தான். "மாத்திரையே போதும், ஊசி வேணாம்" என்பார் இவர். அந்த அம்மாள் முகம் மலர்ந்து போவார். சாயங்காலம் மண்டிக்காரர் கடையில் வந்து உட்கார்ந்து, "என் ஒடம்பு தேக்கு மரம்" என்று பீற்றிக்கொள்வார். பீற்றலுக்கு நடுவே எழுந்து எங்கள் வீட்டுச் சந்துக்குப் போய்ச் சுவரை நனைத்துவிட்டு வருவார். சற்று நேரத்தில் மறுபடியும் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. பெரிய மனிதர், வாய்விட்டுத் திட்டவும் முடியாது. பினாயிலை எடுத்துக்கொண்டு போய் ஊற்றுவேன்.

ஒரு நாள் பினாயில் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அவர் நனைத்த இடமெல்லாம் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பிறகுதான் யோசித்தேன். படியில் நிற்கிற பாட்டில்களில் செங்கல் நிறம் காட்டுகிறவற்றில்தான் எறும்பு ஏறும். மண்டிக்காரர் வீட்டுப் பாட்டிலை ஓர் எறும்பும் எட்டிப் பார்த்ததில்லை.

"அந்தப் பாட்டில் அந்த ஆளோடது இல்லைங்க" என்றேன்.

"எறும்பு வந்து ஒங்கிட்ட சொல்லுச்சாக்கும்" என்று சிரித்தார் இவர். ஆனாலும் அடுத்த வாரம் அந்த அம்மாள் பாட்டிலோடு வந்தபோது அவரை உட்காரவைத்து, மண்டிக்காரருக்கு ஆள் அனுப்பினார். வந்ததும் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்து, "அண்ணே, இப்ப இங்கயே குடுங்க" என்றார்.

குழாய் செங்கல்லாகச் சிவந்தது.

நான் அந்த அம்மாளை உள்ளே இழுத்துப் போய், "இத்தனை நாளும் கொண்டாந்தது யாரோடது அக்கா?" என்றேன்.

"என்னோடதுதான் தங்கச்சி. சோத்தக் கொறைச்சாப் பச்சப்புள்ள மாதிரி அழுவுறாரு. ஊசின்னா நடுங்குறாரு. நான் என்ன செய்ய?"

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, அருவருப்பு. புருஷனுக்குச் சோறு போட்டே கொல்லப் பார்த்திருக்கிறாள்! அதற்குள் கடையில் இவர் மண்டிக்காரரின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்திருந்தார். கட்டைவிரல் கறுத்து, அடியில் சீழ் வடிந்தது. கருவாட்டு நாற்றத்துக்குள் இந்த நாற்றம் இவ்வளவு நாளும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. செருப்புக் கடி என்று மஞ்சளை அப்பியிருந்தார்கள். இவர் அன்றைக்கே பஸ் ஏற்றித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள்: தினம் ஊசி, வாராவாரம் சோதனை, இல்லாவிட்டால் அடுத்த காலும் போய்விடும். எவ்வளவு ஊசி மருந்து என்பதை அந்தக் குழாயின் நிறம்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் அந்த அம்மாள் வந்தார். பாட்டில் முந்தானைக்குள் இல்லை, தெரு பார்க்கக் கையிலேயே இருந்தது. அதற்கு மூடிகூட இல்லை.

இவர் விளக்கைக் கொளுத்தினார். கொதிக்க வைக்கும்போது கடைப் பக்கமே போகாத நான் அன்று வாசற்படியில் வந்து நின்றேன். நீலம், நீலமாகவே நின்றது. பாவி, மறுபடியுமா என்று நினைத்தேன். பிறகு குழாயின் அடியில் மெல்லப் பச்சை தட்டியது, மஞ்சள் ஆனது, செங்கல்லாகச் சிவந்தது.

"அவரோடதுதான் தங்கச்சி" என்றார் அந்த அம்மாள்.

கெடாமல் இருக்க ஈர மணல் பானைக்குள் குளிர்ச்சியாக வைத்திருந்த ஊசி மருந்தை எடுக்க இவர் எழுந்தார். அந்தப் பாழும் நிறத்தைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டது அன்றுதான். அடுத்த மூச்சை உள்ளே இழுத்ததும், நாற்றம் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.