எடுத்துப் போகிறவர் யார்?

கடைக்குப் போர்டு எழுதுகிறவருக்குக்கூடப் படிக்க நாலு மனிதர்கள் உண்டு; நான் எழுதுவதைப் படிப்பது ஒரு மெஷின் மட்டும்தான். பலகாரம், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாம் ஆன்லைனில் விற்கும் காரைக்குடிக் கடை ஒன்றில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் சாட்டில் கேட்டால் ஏஐ ஏஜென்ட் பதில் சொல்லும். பொருளைத் தேட, ஆர்டர் போட, பார்சல் அனுப்ப என்று அதன் கையில் தனித்தனிக் கருவிகள். எதை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நான் குறிப்பு எழுதித் தர வேண்டும். குறிப்பு குழம்பினால் அதுவும் குழம்பும், திட்டு மட்டும் எனக்கு வரும். கடை வைத்து, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவராக நீங்கள் இருந்தால், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதேதானா, அதுபோலவா?

ஆரம்பத்தில் இரண்டு கருவிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே குறிப்பை எழுதியிருந்தேன். ஒன்று கேட்ட பொருளையே தேடும். இன்னொன்று அதைப்போல இருப்பதைத் தேடும். இரண்டுக்கும் ‘பொருளைத் தேடித் தரும்’ என்று எழுதினால் மெஷின் பாவம் என்ன செய்யும்? திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுத் தரையில் ஒரு கல் உடைந்துவிட்டதென்று படம் அனுப்பிக் கேட்டார். ஏஜென்ட் அதுபோன்ற ஒன்றை அனுப்பிவைத்தது. பூ அதேதான், நிறம்தான் வேறு.

‘அதேதான் வேண்டும் என்பவருக்கு அதுபோன்றதைக் காட்டாதே’ என்று குறிப்பைத் திருத்தினேன். எழுதும்போதே என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிறது. தினமும் வீடியோ காலில் முகத்தைப் பார்க்கிறேன். அது அவர்போலத்தான் இருக்கிறது, அவர் இல்லை. அந்த நேரத்தில்தான் திருப்பத்தூர்க்காரர் போன் செய்தார்.

“கல்லை வச்சுப் பாத்தேம்மா. நடுவீட்டுல விருந்தாளி வந்து ஒக்காந்த மாதிரி அது மட்டும் தனியாத் தெரியுது.”

அந்த முடிச்சு

எங்கள் பக்கம் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பலகாரம் கூரியரில் போகாது. ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறினால் அவர் பெட்டியில் ஏறும். இது எல்லோருக்கும் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. ‘சாப்பிடுகிறவர் வெளிநாட்டில் இருந்தால் வெளிநாட்டு கூரியரில் அனுப்பு’ என்று நான்தான் எழுதியிருந்தேன். தேவகோட்டை பாத்திமா அக்கா சவூதியில் இருக்கும் கணவருக்காக ஆர்டர் போட்டார். பார்சல் அக்கா வீட்டுக்கு வராமல் நேராகக் கடல் தாண்டிவிட்டது. அதை எடுத்துப் போக இருந்த, சவூதிக்குப் புறப்பட்டவர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். பலகாரம் உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்டேன். உடையவில்லையாம்.

“உடையாமத்தான் போச்சு. ஆனா வீட்டுக்கு வந்திருந்தா நான் பிரிச்சு, துணியில வச்சு, என் கையால கட்டி விடுவேன்ல. அவுகளுக்கு அந்த முடிச்சு தெரியும்.”

செல்வி அக்காவின் சந்தேகம்

பாத்திமா அக்கா பேசியது இரண்டு நாள் மனதைவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து குறிப்பைப் புதிதாக எழுதினேன்: ‘முதலில் எடுத்துப் போகிறவர் யார் என்று கேள். அவர் புறப்படும் தேதியைக் கேள். தேதி தெரியாமல் ஆர்டர் போடாதே, பலகாரம் நமத்துவிடும்.’ பேக்கிங்கில் இருக்கும் செல்வி அக்கா பின்னால் நின்று படித்தார். வீட்டுக்காரர் எப்ப வாராரு என்று கேட்டார். லீவு கிடைக்கவில்லை, கேட்டால் அவருக்கும் கஷ்டமாக இருக்கும், அதனால் நான் கேட்பதில்லை என்றேன்.

“இந்த மெஷினுக்கு இம்புட்டு விளக்கமா எழுதுறியே நஸீமா, அந்த மனுசனுக்கு ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை எழுதுனியா?”

தேதி இல்லாத ஆர்டர்

அன்று மாலை அவருக்கு வாட்ஸ்அப்பில் ‘வாங்க’ என்று மட்டும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அனுப்பாமலே இருந்திருக்கலாமோ என்று இருந்தது.

முந்தின நாள் சாட்டுகளைக் காலையில் படிப்பதும் என் வேலைதான், அது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். மறுநாள் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். சீப்புச் சீடையும் தேன்குழலும் கேட்டு ஒரு ஆர்டர். முகவரி எங்கள் வீடு. எடுத்துப் போகிறவர் யார் என்று ஏஜென்ட் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. “யாரும் இல்ல. நானே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கிறேன்” என்று பதில். எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறது. தெரியாது என்றிருக்கிறார். தேதி இல்லாமல் ஆர்டர் போட முடியாது, மன்னிக்கவும் என்று, நான் எழுதியதை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்து, என் புருஷனையே திருப்பி அனுப்பியிருக்கிறது. அதற்கு அவர் எழுதியிருந்தது:

“தேதி தெரிஞ்சா முறுக்கா கேப்பேன், டிக்கெட்டே எடுத்திருப்பேன்ல. ஒனக்கு இதை எழுதிக் குடுத்த மகராசிகிட்டச் சொல்லு, தேதி கேக்காம எடுத்து வைக்கட்டும்னு.”

தேதி சொல்லாதவருக்கும் எடுத்து வைக்கலாம் என்று குறிப்பை அன்றைக்கே திருத்திவிட்டேன். மெஷினுக்கு உடனே புரிந்துவிட்டது, எனக்குத்தான் வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் வேலை ஓடுவதில்லை.