கேனுக்குள் விருந்தாளிகள்

தொண்ணூறுகளில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வந்த பேருந்தில் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கால்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் கேன். சைக்கிள் பம்பால் அதற்குள் விடாமல் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"ஈஸ்ட்டுங்க. வெல்லக் கழிவுப்பாகைத் தின்னுபோட்டு ஒடம்புக்குள்ள எண்ணெய் சேத்துவாங்க. மூச்சு முட்டப்படாதுங்களே!"

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் மரியாதை குறையவில்லை.

"இனிப்பு மட்டுந்தானுங்க போடோணும். பருப்புச் சத்து உள்ள போச்சுன்னா குட்டி போட்டுப் பெருகிருவாங்க. எண்ணெய் சேராதுங்க."

பல மாத உழைப்பாம். அன்றுதான் ஓர் எண்ணெய் ஆலை முதலாளியிடம் காட்டப்போகிறாராம்.

கிணத்துக்கடவில் பம்பை என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். நானும் சிரத்தையாக அடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முன்சீட்டு அம்மா திரும்பி, தூக்குப்போசியைத் திறந்து, நான் தடுப்பதற்குள் ஒரு கை அரிசிம்பருப்புச் சோற்றைக் கேனில் போட்டுவிட்டார்.

"வெறும் பாகையே எத்தன நேரந்தான் குடிப்பாங்க, பாவம்!"

திரும்பி வந்தவர் மிதந்த சோற்றைப் பார்த்தார். பம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, அவங்களுக்குப் புடிச்சுதுங்களா?" என்றார் அந்த அம்மா.

அவர் கேனுக்குள் குனிந்து சற்று நேரம் பார்த்தார்.

"நல்லா சாப்படறாங்க அம்மணி. இருந்தா இன்னுங் கொஞ்சம் போடுங்க."

இனி எண்ணெய் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கோவை உக்கடம் வரும்வரை அவர் காற்றடிப்பதை நிறுத்தவே இல்லை.