படியில் நின்ற காவல்

குன்னத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் சின்னப் பள்ளிவாசலில் நான் அப்போது லெப்பையாக இருந்தேன். பாங்கு சொல்வது, தொழவைப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் நான் ஒருவன்தான். தொழ வருகிறவர்கள் ஆறு வீட்டு ஆட்கள். வாசலில் காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். அந்தியில் காட்டு வேலை முடிந்த பெண்கள் காய்ச்சல் கண்ட பிள்ளையையும் பயந்து அழும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படியோரம் நிற்பார்கள். ஓதி, முகத்தில் ஊதி, செம்பில் ஓதிய தண்ணீரைக் கொடுத்து அனுப்புவேன். அவர்களில் ஒருத்திகூட முஸ்லிம் இல்லை. உள்ளதைச் சொன்னால், தொழவைத்ததைவிட அதில்தான் எனக்குப் பெருமை.

சுதந்திரம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதை வாங்கித் தந்த பெரியவரை டில்லியில் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தது. சுட்டவன் முஸ்லிம் என்ற பொய்யும் அதே பஸ்ஸில்தான் வந்து இறங்கியது.

வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கல் விழுந்தது. எங்கள் ஆட்களின் இரண்டு கூரைகள் எரிந்தன. நான் பள்ளிக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு முகம் நன்றாகத் தெரிந்தது. வெங்காயம் போடுகிற ஆள். அவன் மகளுக்கு முந்தாநாள்தான் ஊதி அனுப்பியிருந்தேன். இப்போது அவன் கையில் கல் இருந்தது.

மத்தியானம் தண்டோரா போட்டார்கள். "சுட்டவன் துலுக்கன் இல்லையாம். எல்லாரும் அடங்கி இருக்கணும்னு சர்க்கார் உத்தரவு." கூட்டம் கலைந்து சாப்பிடப் போனது. ஆறு வீட்டாரும் வண்டி கட்டிக்கொண்டு, சொந்தபந்தம் நிறைந்த வேறு ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. வீம்புதான், வேறென்ன.

யார் கல்லெறிந்தது என்று போலீஸ் வந்து கேட்டது. "யாரையும் பாக்கலீங்க" என்றேன். அவர்கள் நம்பவில்லை. படியில் ஒரு கான்ஸ்டபிளைக் காவல் போட்டு, வருகிறவர் பேரையெல்லாம் எழுதச் சொன்னார்கள்.

முதல் வெள்ளிக்கிழமையே வெங்காயக்காரன் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கான்ஸ்டபிள் நோட்டை விரித்தார். "யாரு வூட்டு சம்சாரம்? புருஷன் பேரச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்லீங்க, சும்மா வந்தேன்" என்று திரும்பி நடந்தாள். பிள்ளை அழுதுகொண்டே போனது. நான் செம்போடு நின்றேன்.

அதன்பிறகு ஒருத்தியும் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பயமில்லை, காவலை எடுத்துவிடுங்கள் என்று மனு எழுதிப் போட்டேன். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யாரு மெரட்டி எழுத வச்சாங்க?"

"நானாத்தாங்க எழுதினேன்."

"பயப்படாதீங்க பாய். சர்க்கார் உங்க பக்கம் இருக்கு."

மறுநாள் படியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். நல்ல மனுஷர்கள்தான். நான் பாங்கு சொன்னால் பீடியை அணைப்பார்கள். தொழ ஆள் கிடையாது. நானே முன்னால் நின்று நானே தொழுதேன்.

ஆடி பிறந்தபின் காவலை எடுத்தார்கள். அன்று அந்தியில் படியைக் கழுவிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நாளைக்கு வருவார்கள் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெரம்பலூர் சந்தையில் வெங்காயக்காரன் மனைவியைப் பார்த்தேன். மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். பழக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். தாய் அவளை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். உன் புருஷனை நான் காட்டிக்கொடுக்கவில்லை தாயி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அவனைப் பார்த்தேன் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தோடு அவள் எப்படித் தூங்குவாள்? "வெங்காயம் இந்த வருஷம் எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று அந்தித் தொழுகை முடிந்ததும், கை பழக்கத்தில் செம்பை எடுத்துவிட்டது. ஓதியும்விட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். ஓதிய தண்ணீரைத் தரையில் கொட்டக்கூடாது. நானே குடித்தேன்.