கங்காணி அத்தியாயம்

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அடிமை முறைக்கு அரைப் பக்கம்தான். "அடிமை முறை என்றால் என்ன?" என்று கேட்டால் என் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பித்த கையோடு மறந்தும் போவார்கள். அடிமை என்றால் அவர்களுக்குச் சங்கிலி, சாட்டை, கப்பல், எங்கோ ஒரு தேசம். எனக்கு எரிச்சலாக வரும். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மேகமலை. அதில் தேயிலை நட்ட கைகள் எப்படி மேலே போயின என்று ஒருத்தருக்கும் தெரியாது. சரி, நாமே ஒரு கதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரலாறு படித்தவளுக்குக் கொஞ்சம் திமிர் அதிகம்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. மழை பொய்த்த ஒரு வருஷம், தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி ஒரு சிறுமியின் குடும்பத்தை மலைக்கு நடத்திக் கூட்டிப் போகிறான். மேலே போனதும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு எழுதி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். அந்தச் சீட்டைக் காட்டாத ஆளை வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். வாரம் ஒரு அத்தியாயம், கடைசிப் பீரியடில் வாசிப்பேன்.

"சங்கிலியே இல்லியே டீச்சர், ஓடிப்போயிரலாம்ல?" என்றான் ஒருவன்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை பதில் சொன்னாள். அவளுடைய அப்பா, அம்மா மேகமலையில் கொழுந்து பறிக்கிறார்கள். "எங்கன ஓடுவாக? இருக்கிறது ஒரே பாதை. ஓடிப் போனாலும் வேலை குடுக்கிறவுக சீட்டைக் கேப்பாகள்ல?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வராண்டாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாளாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டு விழாவுல இதை நாடகமாப் போட்ருவோம் டீச்சர்" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதிருந்தார்.

அந்த வாரம்தான் தேனியில் ஒரு பள்ளியிலிருந்து எனக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நான் வேலை பார்ப்பது உத்தமபாளையம் பக்கம்; பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். என் மகள் பள்ளி விட்டு வந்து, எதிர்வீட்டுப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்தப் படியிலிருந்து அவளை எழுப்ப வேண்டும். சனிக்கிழமை அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

என் சான்றிதழ்கள் தாளாளர் அறை பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும் அன்றே எல்லாவற்றையும் ஒப்படைப்பது எங்கள் பள்ளி வழக்கம். பாதி வருஷத்தில் விட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் கொடுத்தபோது எனக்குச் சந்தோஷம்கூட. எங்கள் வீடு அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது; பீரோவில் என்றால் நனையாமல் இருக்கும்.

"சார், ஒரு நாளைக்கு மட்டும் என் ஒரிஜினல் வேணும். பேங்க்ல கேக்கிறாக" என்றேன்.

அவர் சிரித்தார். "எந்த ஸ்கூல் பேங்கும்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை, டீ வரவழைத்தார். "போயிட்டு வாங்க, நான் வேணாங்கல. ஆனா புதுசா வந்த சயின்ஸ் டீச்சர் இன்னும் ஒரிஜினல் குடுக்கல. ஜூன்ல இருந்து நாளைக்கு நாளைக்குங்குது. நீங்க சொன்னாக் கேக்கும். அதை வாங்கிக் குடுத்துட்டு உங்களத எடுத்துட்டுப் போங்க."

நான் யோசிக்கவே இல்லை என்றால் பொய். மதியம் வரை யோசித்தேன். பிறகு ஆசிரியர் அறையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி புளியோதரையை அவள் தட்டில் வைத்தேன்.

"எதுக்கும்மா இழுத்துக்கிட்டே இருக்க? பதினோரு வருஷமா என்னோடது அங்கனதான் கெடக்கு. ஒரு பேப்பர் கசங்கல."

"இல்லக்கா, வீட்ல அவுக யோசிக்கிறாக…" என்று இழுத்தவள், என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரிதான்க்கா."

மறுநாள் வெள்ளிக்கிழமை கொண்டுவந்தாள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளாளர் பீரோவைத் திறந்தார். என் பழுப்பு உறை தெரிந்தது. மேலே என் கையெழுத்தில் என் பெயர், மை வெளிறிப் போயிருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அவர் புது பைலை அதன்மேல் வைத்துச் சாவியைத் திருப்பினார்.

"பரீட்சை முடியட்டும் டீச்சர். இப்பப் போயி நீங்க இல்லாட்டா எட்டாப்பை யாரு பாப்பா?"

"சரி சார்" என்றேன். கத்தியிருக்க வேண்டும், அழுதிருக்கவாவது வேண்டும். அந்தச் 'சரி சார்' தானாக வாயிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் எனக்கு அவமானம்.

அன்றைக்குக் கடைசிப் பீரியடில் கங்காணி அத்தியாயம். அவனுக்கு நான் பெரிய மீசையும் வெற்றிலை வாயும் வைத்திருந்தேன். ஊரில் வீடு வீடாக நுழைந்து, "நான் இருக்கேன்ல, பயப்படாத" என்று ஆள் சேர்க்கிறான். அந்த வரியை நான் எழுதி ஒரு மாசம் ஆகியிருந்தது. இப்போது அதை வேகமாக வாசித்துத் தாண்டினேன்.

"இவனும் நம்மூரு ஆளுதான டீச்சர்? பெறகு எதுக்கு இப்படிச் செஞ்சான்?" என்றான் முன்பெஞ்சுக்காரன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மலைப்பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், எங்க பூட்டனாரும் கங்காணிதான். எங்க அப்பா சொல்லுவாக. மீசையெல்லாம் கெடையாதாம். அவரு சீட்டும் தொர பெட்டியிலதான் இருந்துச்சாம். இன்னும் நாப்பது ஆளு கொண்டாந்தா உன் சீட்டைத் தாரேன்னு தொர சொன்னாராம். அவரும் போயிக் கூட்டிட்டு வந்தாராம்."

"குடுத்தாகளா?" என்று பையன் கேட்டான்.

"குடுத்திருந்தா நாங்க ஏன் இன்னும் தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கோம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல வேண்டியவள் நான். நோட்டை மூடிவிட்டு, மணி அடிக்கும் முன்பே வகுப்பை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தேனி பஸ்ஸில் சயின்ஸ் டீச்சர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். வண்டி சின்னமனூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, என் பைல் பத்திரமா இருக்கும்ல?"

கேட்டும் என்னோடதைத் தரவில்லை என்று சொல்லிவிடலாம் என வாயெடுத்தேன். திங்கட்கிழமையே அவள் போய்க் கேட்பாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தாளாளர் கேட்பார். என் உறையோ அடியில் கிடக்கிறது.

"என்னோடதுக்கு மேலதான் வச்சிருக்காகம்மா" என்றேன்.

"அப்பக் கவலையில்லக்கா" என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.