மிரேயாவின் தலைக்கு மேலே ஏழு கிலோ

நிபால்தோ ஓயார்சூன் கதவோரமாக சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். படம் முடிகிற வரைக்கும் அவன் வாயைத் திறக்கக் கூடாது, ரிமோட்டைத் தொடக் கூடாது. வீட்டு அறையையே தியேட்டர் ஆக்குகிற தால்கா ஊர் இருட்டறைக்காரர்கள் சங்கத்தின் விதி அது. மீறினால் தேர்வு அதோடு முடிந்தது. அப்புறம் அடுத்த வருஷம்தான்.

விதி சும்மா வந்துவிடவில்லை. முன்பெல்லாம் யார் வீட்டில் ஹோம் தியேட்டர் போட்டுக் காட்டினாலும் அதை மாட்டினவன் வாய் ஓயாது. "இருங்க இருங்க, இப்ப ஹெலிகாப்டர் வரும், முதுகுப் பக்கம் கேளுங்க" என்பான். "இது படத்துலயே அப்படித்தான், என் தப்பு இல்ல" என்பான். ஒருத்தரையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டான். சங்கத் தலைவர் எலிசேயோ ரெத்தமால் ஒருநாள் கடுப்பாகி இந்த முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். வேலை பேசட்டும், ஆள் பொத்திக்கொண்டு உட்காரட்டும் என்றார்.

சங்கத்தில் பதினொரு பேர், நாலு படி. கடையில் பெட்டியாக வாங்கி வந்து செருகத் தெரிந்தவன் பெட்டிக்காரன். ஒயரை வெட்டி, சுவருக்குள் ஓட்டி, எந்த ஸ்பீக்கர் எங்கே என்று தானே முடிவு செய்பவன் ஒயர்க்காரன். மைக்கை வைத்து அளந்து அறையின் சத்தத்தைத் திருத்துபவன் மைக்காரன். கூரையில் நாலு ஸ்பீக்கர் தொங்கவிட்டு, மழையைத் தலைமேல் கொட்ட வைப்பவன் கூரைக்காரன். பதினொரு பேரில் கூரைக்காரர்கள் ரெண்டே பேர். நிபால்தோ ஆறு வருஷமாக மைக்காரன்.

வயது ஐம்பத்தொன்று. பதினாலு வயதிலிருந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் கடை. பெண்டாட்டி போய் எட்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ரெண்டு நாய், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஊரில் அவனை யாரும் எதிலும் பெரிய ஆள் என்று சொன்னதில்லை. சங்கத்தில் மீதிப் பத்துப் பேர் சொன்னால் போதும் என்றிருந்தான்.

கூரைக்காரன் ஆக வேண்டுமென்றால் அடுத்தவர் வீட்டில், தனியாளாக மாட்டிக் காட்ட வேண்டும். எலிசேயோ தன் வீட்டையே கொடுத்தார். நிபால்தோ வெள்ளிக்கிழமை போனான். ஜிப்சம் பலகைக் கூரை. பலகைக்கு மேலே மரச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தான். மூன்று ஸ்பீக்கரும் சட்டத்தில் ஸ்க்ரூ ஏறி கிண்ணென்று நின்றன. நாலாவது, பின்பக்கம் வலது மூலை, உதைத்தது. அளவு சொன்ன இடத்தில் சட்டம் இல்லை, ஒரு சாண் தள்ளி இருந்தது. ஒரு சாண் தள்ளினால் சத்தம் கோணும். கோணினால் மைக் காட்டிக் கொடுக்கும்.

வெறும் பலகையில் பிளாஸ்டிக் பிளக் அடித்து அதிலேயே மாட்டிவிட்டான். ஏழு கிலோ. கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தான், தாங்கியது. படம் போடுவது ஞாயிறு மத்தியானம்தான், அன்றைக்குக் காலையில் வந்து மேலே ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்து முறுக்கிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். ஞாயிறு காலையில் வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. எலிசேயோவும் பெண்டாட்டியும் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். மத்தியானம் அவர்கள் திரும்பும்போதே சங்கம் மொத்தமும் எம்பனாடா பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது.

அந்த மூலையில் யாரும் உட்காரமாட்டார்கள் என்றுதான் இருந்தான். எல்லாரும் நடு சோபாவுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். ஆனால் எலிசேயோவின் மனைவி மிரேயா பின்னல் கூடையோடு வந்து, நேராக அந்த வலது மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முன்னால வந்து உக்காருங்க சென்யோரா, அங்க சத்தம் சரியா வராது" என்றான் நிபால்தோ. படம் இன்னும் போடவில்லை, பேசலாம்.

"சரியா வராட்டி ரொம்ப நல்லது. இதுங்க போடுற சத்தத்துக்கு எனக்கு இந்த மூலைதான் தோது. வெள்ளிக்கிழமைலேர்ந்து இங்கதான் உக்காந்து பின்றேன்."

நிபால்தோ அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஏணியக் கொடுங்க, ஒரு ஸ்க்ரூவப் பாக்கணும்" என்றால் முடிந்தது. ஆனால் வாஷிங்டன் பொப்லேத்தே, அவனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போன கூட்டாளி, தோளில் ஒரு அடி போட்டான்.

"என்ன கொம்பாத்ரே, இப்பவே வேர்க்குது? கூரை கீரை இடிஞ்சு விழுந்துருமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். எலிசேயோ ஜன்னல் திரையை இழுத்து வெயிலை மறைத்தார். படம் ஓடத் தொடங்கியது. விதியும் தொடங்கியது.

நீர்மூழ்கிக் கப்பல் படம். நிபால்தோ அதை முப்பது தடவையாவது பார்த்திருப்பான். எந்த நிமிஷத்தில் எந்த குண்டு என்று தூக்கத்தில் சொல்வான். இன்றைக்கு அவன் திரையைப் பார்க்கவே இல்லை. மூலையைத்தான் பார்த்தான். முதல் குண்டு வெடித்து அறை அதிர்ந்தபோது, திரை வெளிச்சத்தில் மிரேயாவின் தோளில் என்னவோ வெள்ளையாக விழுந்தது. அவர் பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டார்.

ஜிப்சம் தூள்.

பெரிய நிலநடுக்கம் வந்த வருஷம் பக்கத்து வீட்டுக் கூரைக்கு அடியிலிருந்து ஒரு ஆளை இழுத்தவன் நிபால்தோ. மேலேயிருந்து விழுவது எப்படி விழும் என்று அவன் கை அறியும். ரெண்டாவது குண்டுக்கு இன்னும் கொஞ்சம் தூள். மூன்றாவதுக்கு ஸ்பீக்கரின் ஒரு ஓரம் ஒரு நூல் கீழே இறங்கின மாதிரி இருந்தது. இறங்கியதா, பயம் அப்படிக் காட்டியதா? மிரேயா தூங்கிப்போயிருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, முகம் நேராக அந்த ஏழு கிலோவைப் பார்த்து.

வாயைத் திறடா என்றது மனசு. இன்னும் நாலே குண்டு, அப்புறம் கட்டையைக் கொடுத்துக்கொள்ளலாம் என்றது அதே மனசு. ஆறு வருஷம். ஒரு குண்டு போனது. இன்னும் மூன்று. தன்னைப் போல ஒரு நாய் உலகத்தில் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கப்பல் தலைவன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிற இடம் வந்தது. பேனா கீறுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். நிபால்தோ மூச்சு விட்டான்.

அப்போது தரை உறுமியது.

அடியிலிருந்து வந்தது. சோபா, வயிறு, பல் எல்லாம் கிடுகிடுத்தது. அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று பேசின.

"அடேயப்பா!" வாஷிங்டன் தொடையில் அடித்தான். "இது பேஸ்! என் மூத்திரப்பையே ஆடுதுய்யா!"

"எங்கய்யா வச்சான் அந்த பேஸ் பெட்டிய?" என்றார் எலிசேயோ, கண்ணை மூடி ரசித்துக்கொண்டு. "இவ்ளோ கீழ என் செட்டு போனதே இல்ல."

படத்தில் இந்த இடத்தில் பேஸ், அந்த அடித்தொண்டை உறுமல், கிடையாது. அந்த அறையில் அது நிபால்தோ ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

"நடுக்கம்!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். "எந்திரிங்க, நெசமாவே நடுக்கம்!"

"பேசிட்டான், பேசிட்டான்!" என்று கை தட்டினார்கள். "முடிஞ்சுது, அடுத்த வருஷம் வா!"

அவர்கள் முழங்காலை மிதித்துக்கொண்டு மூலைக்குப் பாய்ந்தான். மிரேயாவை நூல்கண்டோடு சேர்த்து இழுத்தான். ரெண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். அவர் எட்டி உதைத்தார். அதே நேரம் கரண்ட் போனது. திரை கறுத்தது, படம் நின்றது, பேஸ் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் கைதட்டல் ஓய்ந்தது.

இருட்டில் மடேர் என்று ஒரு சத்தம். நாற்காலி முறிந்தது. "வாசலுக்கு, வாசலுக்கு!" என்று யாரோ கத்த, பதினொரு பேரும் மிரேயாவும் முற்றத்துக்கு ஓடினார்கள். தரை இன்னும் ரெண்டு மூச்சு ஆடி நின்றது. தெருவெல்லாம் நாய்கள் குரைத்தன.

திரும்பி வந்து ஜன்னல் திரையை விலக்கியபோது, ஸ்பீக்கர் நாற்காலியின் தலை சாய்க்கிற இடத்தில் புதைந்து கிடந்தது. எலிசேயோ அதைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், நிபால்தோவைக் கட்டிப்பிடித்தார்.

"என் வீட்ல உசுரக் காப்பாத்தியிருக்க. விதியாவது மயிராவது. இன்னையிலேர்ந்து நீ கூரைக்காரன். யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. வாஷிங்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பழியை நடுக்கம் ஏற்றுக்கொள்ளும். யாரும் மேலே ஏறிப் பார்க்கப்போவதில்லை. நிபால்தோ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்றைக்கு அதைத்தான் நன்றாகச் செய்திருந்தான்.

மிரேயா இன்னும் தோளில் இருந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நடுக்கத்தால விழல" என்றான் நிபால்தோ. "அத நான் சட்டத்துல அடிக்கல. வெறும் பலகை. அங்க சட்டம் இல்ல. தெரிஞ்சுதான் மாட்டுனேன்."

எலிசேயோவின் கை அவன் தோளிலிருந்து மெதுவாகக் கீழே போனது.

"அப்ப வெள்ளிக்கிழமைலேர்ந்து?" என்றார் மிரேயா.

"ஆமா சென்யோரா."

"தூள் விழுந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அந்த அம்மா அவன் கிட்டே வந்தார். அறைவார் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டான். அவர் கூரையைக் காட்டினார்.

"மீதி மூணு?"

"சட்டத்துல இருக்கு. சத்தியமா."

"அப்ப அந்தா, இடது மூலைல போய் உக்காரு. அதுக்கு நேர் கீழ. மூஞ்சிய மேல வச்சுக்கோ. கரண்டு வந்ததும் படத்த முழுசா ஓட்டுங்க. சத்தத்தக் கொறைக்காதீங்க."

"மிரேயா, இன்னும் ஆடும்..." என்று இழுத்தார் எலிசேயோ.

"ஆடட்டும்."

ஒரு மணி நேரம் கழித்து கரண்ட் வந்தது, படத்தை முதலிலிருந்து போட்டார்கள். மற்றவர்கள் கதவோரமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். மிரேயா முக்காலியில். நிபால்தோ மட்டும் இடது மூலையில், தலையைச் சாய்த்து, தன் கையால் மாட்டின ஏழு கிலோவைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஸ்க்ரூ மரத்தில் ஏறும்போது கைக்குத் தெரிந்த அந்தப் பிடியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். மூன்றிலும் தெரிந்ததா? இதிலுமா? வெள்ளிக்கிழமை சாயந்தரம் எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கிடந்தது.

நாலாவது குண்டு வெடித்தது. பின்னாலேயே தரையும் ஒரு தரம் லேசாகக் குலுங்கியது. நிபால்தோ கண்ணை மூடாமல், ஒரு கையால் தோளைத் தடவிப் பார்த்தான். தூள் இல்லை. மறுபடியும் தடவிப் பார்த்தான்.