இரண்டாவது பொட்டலம்

கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஒவ்வொரு பம்பையும் மூன்று முறை ஓட்டிப் பார்ப்போம். மூன்றும் ஒத்து வந்தால்தான் அளவை எழுதுவோம். அங்கே என்னுடன் வேலை செய்தவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். சத்தியமங்கலத்துக்காரர். அவருடைய அம்மாவுக்கும் என்னைப் பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் எந்தக் காரியமும் தொடங்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை இன்னொன்றிலும் மடித்து, குலுக்கிச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். நானும் கண்ணை மூடி உருகித்தான் கும்பிட்டேன். அவருடைய அம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, "இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றேன். பூசாரி முகத்தைச் சுளித்தாலும் மறுபடி போட்டார். இந்த முறை வெள்ளை.

அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூசாரியோ தலையை ஆட்டினார். "மொதல்ல வந்ததுதானுங்க சாமி வாக்கு."

"அப்ப ரெண்டாவது வந்தது யாரு வாக்குங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது கண்ணு" என்றார், கோபமே இல்லாமல்.

அம்மாவைக் கோயிலில் உட்காரவைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை அவர் என்னோடு வந்தார். "நீ கேட்டது சரிதான் அம்மணி. ஆனா நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தச் செவப்புப் பூவுதான் ஞாபகம் வரும். பயமா இருக்குது."

"உங்க அம்மாவுக்குங்களா, உங்களுக்குங்களா?"

பஸ் வந்ததும், ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து என் பையை வைத்துவிட்டு அவர் இறங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. வேலையையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு நான் எந்தச் சாமியிடமும் எதையும் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலிலேயே வெள்ளை வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சந்தோஷமாக நம்பிவிட்டு, அவரோடு வாழ்ந்திருப்பேன். அந்த நம்பிக்கை தப்பென்று தெரிந்தும், அந்த வாழ்க்கைக்கு மனம் ஏங்கத்தான் செய்கிறது.

போன மாதம் என் அம்மாவுக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் சாமிகளை வேண்டிக்கொண்டிருந்தார்கள். என் கைகளும் தாமாகவே கூடின. யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. அந்தச் சத்தியமங்கலத்துக்காரர் வந்து பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.